சூதாட்டப் பணத்தால் ஊர்க் கஜானா நிரம்புமா?

(மதுரை மில் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து நடவு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

மாநகராட்சியில் பணமில்லை, சர்க்காரிடம் பணமில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே எழுகிறது. "ஜனங்கள் எப்படியும் சூதாடத்தான் செய்கிறார்கள். ஒளிந்து ஆடுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, லைசென்ஸ் கொடுத்து, வரி போட்டால் என்ன? கோவாவில் மாண்டவி ஆற்றில் கப்பலுக்குள் சூதாட்ட விடுதி நடக்கிறது. சிங்கப்பூரில் நடக்கிறது. கொழும்பில் நடக்கிறது. நம் ஊரிலும் ஒன்று வைத்தால் ரோடு போடலாம், சாக்கடை கட்டலாம், வீட்டு வரியை ஏற்ற வேண்டியதில்லை" என்கிறார்கள். இப்படிப்பட்ட விடுதிக்குத்தான் காஸினோ என்று பெயர்.

இதைச் சொல்கிறவர்களை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நம் ஆட்களே சிலர் சொல்கிறார்கள். 2022-ல் சொத்து வரி ஏறியபோது, வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றினார். கடைசியில் கொடுத்தது நாம்தான். அப்படி அடிபட்டவன், வேறு யாரோ பணம் கொடுத்தால் தேவலை என்று நினைப்பதில் தப்பில்லை. கேள்வி இதுதான்: அந்த 'வேறு யாரோ' யார்? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நாம் பார்த்த சூது

நமக்கு இது புது விஷயமில்லை. சர்க்காரே சூது நடத்தியதை 35 வருஷம் நாம் பார்த்திருக்கிறோம்.

1968 ஆகஸ்டில், அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு பரிசுச் சீட்டு தொடங்கியது. சீட்டு விலை ஒரு ரூபாய். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அன்றைய விளம்பரம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை என்று தோன்றும்படி வார்த்தையைக் கோத்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு விழுந்தவர் லட்சத்தில் ஒருவர். மற்ற வீடுகளிலிருந்து போனது அரிசிக் காசு.

பிறகு என்ன ஆயிற்று? வாரக் குலுக்கல், தினக் குலுக்கல் ஆயிற்று. வெளிமாநிலச் சீட்டுகள் வந்து குவிந்தன. ஒரு நம்பர் லாட்டரி வந்தது. கடைசி எண் ஒன்று பொருந்தினால் போதும். காலையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். தோற்றவன் மாலைக்குள் மறுபடி வாங்குவான். சுரண்டல் லாட்டரி என்று ஒன்று வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்து, அங்கேயே கிழித்துப் போடுவது. பெயரை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் வைத்திருந்தார்கள்!

அந்த நாட்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். சம்பளத் தேதியில் மில் வாசலில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒருவர் லாட்டரிச் சீட்டுக்காரர், இன்னொருவர் வட்டிக்காரர். முதலாமவரிடம் தோற்றவர்கள் இரண்டாமவரிடம் போனார்கள். கந்துவட்டிக்கு வாங்கி மறுபடி முதலாமவரிடம் வந்தார்கள். பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றிக் கிழிந்து கிடந்த சீட்டுகளை வாரி எடுத்துக் கணக்குப் பார்த்திருந்தால், எத்தனை வீட்டு அடுப்பு அன்று எரியவில்லை என்று தெரிந்திருக்கும்.

1998-ல் மத்திய சர்க்கார் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து ஒரு நம்பர் லாட்டரியைத் தடுத்தது. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆனால் 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நிபந்தனை வைத்தது: உன் சொந்த லாட்டரியை நடத்திக்கொண்டு மற்ற மாநிலத்துச் சீட்டை மட்டும் தடுக்க முடியாது, தடுப்பதானால் எல்லாவற்றையும் நிறுத்து. கடைசியில், 2003 ஜனவரியில், தமிழ்நாட்டில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது.

இப்போது ஒரு கேள்வி. 35 வருஷத்தில் இந்தப் பணத்தால் சர்க்காரின் பற்றாக்குறை தீர்ந்ததா? மதுரையின் சாக்கடை மூடப்பட்டதா? வைகையில் கழிவுநீர் கலப்பது நின்றதா? லாட்டரி நடந்த காலத்திலும் 'பணமில்லை' என்றுதான் சொன்னார்கள். நின்ற பிறகும் அதையேதான் சொல்கிறார்கள்.

சின்னக் கணக்கு

ஏன் தீரவில்லை? ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் தொழிலாளிகள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுச் சீட்டு வாங்குகிறார்கள். மொத்தம் 10,000 ரூபாய். அதில் பாதி, 5,000 ரூபாய், பரிசாகத் திரும்புகிறது. ஏஜெண்டு கமிஷன், கடைக்காரர் கமிஷன், அச்சுக் கூலி, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 3,000. கஜானாவுக்கு மிச்சம் 2,000. அதாவது கஜானாவுக்கு 2 ரூபாய் வர, நம் ஜனங்கள் 5 ரூபாய் இழக்க வேண்டும்! எந்த வரியாவது இவ்வளவு மோசமாக வசூலாகுமா?

காஸினோவில் இருப்பது சக்கரம். ஒன்றிலிருந்து 36 வரை எண்கள்; அவற்றோடு ஒரு பூஜ்யம். ஆக 37 குழிகள். நீங்கள் சொன்ன எண்ணில் குண்டு விழுந்தால் போட்ட பணத்தைப் போல 35 மடங்கு தருவார்கள், போட்ட பணமும் திரும்பும். 37 பேர் ஆளுக்கொரு எண்ணில் 100 ரூபாய் வைத்தால் மேஜையில் 3,700 ரூபாய். ஜெயித்தவருக்கு 3,600 போகும். மேஜைக்காரனுக்கு 100 நிற்கும். 'நூறு ரூபாய்தானே' என்பீர்கள். சக்கரம் 37 தடவை சுற்றினால் அந்த நூறு 3,700 ஆகிறது. முதல் சுற்றில் மேஜை மேல் இருந்த பணம் அத்தனையும் மேஜைக்காரன் பைக்குப் போய்விட்டது. இதில் மோசடி எதுவும் இல்லை, தோழர்களே. நேர்மையாகச் சுற்றும் சக்கரமே இப்படி! அந்த ஒரு பூஜ்யத்தில்தான் அவன் மாளிகை நிற்கிறது.

தர்மர் தோற்ற கதையை நம் ஊர்க் கூத்தில் விடிய விடியப் பார்க்கிறோம். அங்கே சகுனி ஏமாற்றினான். இங்கே சகுனி ஏமாற்ற வேண்டியதே இல்லை. காத்திருந்தால் போதும்.

சூதை நம்பிய நகரங்கள்

"லாட்டரி ஏழையைப் பிடித்தது, காஸினோ பணக்காரனைத்தானே பிடிக்கும்? வெளியூர்ப் பணம் வந்து சேருமே?" என்பார்கள். இதை முழுக்க முழுக்க நம்பி இறங்கிய ஒரு நகரத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துக் கடற்கரையில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு ஊர். உல்லாசப் பயணிகள் வரத்துக் குறைந்து நொடித்துப் போயிருந்தது. 1976-ல் அந்த மாநிலத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு, அந்த ஊரில் மட்டும் காஸினோவை அனுமதித்தார்கள். 1978 மே மாதம் முதல் விடுதி திறந்தது. பிறகு வரிசையாகப் பல வந்தன. 2006-ல் அவற்றின் வருமானம் வருஷத்துக்கு 500 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த உச்சம் நிலைக்கவில்லை. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா, "நாமும் வைத்தால் என்ன?" என்று தானும் திறந்தது. வெளியூர்ப் பணம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. 2014-ம் வருஷம் ஒன்றில் மட்டும் 4 காஸினோக்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 8,000 தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். 2016-ல் இன்னொரு விடுதியில் தொழிலாளிகள் மருத்துவ வசதியும் பென்ஷனும் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி விடுதியையே மூடினான். ஏறத்தாழ 3,000 வேலை போயிற்று. 'காஸினோ வந்தால் வேலை கிடைக்கும்' என்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகராட்சிக் கஜானா என்ன ஆயிற்று? இதைக் கவனமாகக் கேளுங்கள். வியாபாரம் குறைந்ததும், "எங்கள் கட்டிடத்துக்கு மதிப்பைக் கூட்டிப் போட்டு வரி வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கொடுங்கள்" என்று காஸினோ முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெயித்தார்கள். ஒரே ஒரு விடுதிக்கு மட்டும் நகராட்சி 16 கோடி டாலருக்கு மேல் பாக்கி என்றாயிற்று; 2017-ல் 7 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சமரசம் முடிந்தது. அதற்கு முன்பே, 2016 நவம்பரில், நகராட்சியின் வரவுசெலவை மாநில சர்க்கார் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எந்த ஊரின் கஜானாவை நிரப்பக் காஸினோ வந்ததோ, அந்த ஊர் தன் கணக்கைத் தானே பார்க்கும் உரிமையையும் இழந்தது!

இன்னொன்று டெட்ராய்ட். மோட்டார்க் கார்த் தொழிலின் தலைநகரம். நம்மைப் போன்ற ஆலைத் தொழிலாளிகள் கட்டிய ஊர். ஆலைகள் வெளியேறின. வரி கொடுப்போர் குறைந்தார்கள். 1996-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 1999-ல் காஸினோ திறந்தார்கள். வரிப்பணம் வரத்தான் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2009-ல் அந்தச் சூதாட்ட வரியையே பாங்கிகளிடம் ஈடாக வைத்தார்கள். 2013 ஜூலையில் நகரம் திவால் ஆயிற்று. முடிவில் யார் தியாகம் செய்தார்கள் தெரியுமா? ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்களின் பென்ஷன் வெட்டப்பட்டது. ஆலை போன ஊருக்குச் சூதாட்ட மேஜை ஆலையாகிவிடாது. மதுரையில் ஒவ்வொரு மில்லாகச் சங்கு நின்றதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் வீட்டுப் பணம்? யார் கஜானா?

நம் நாட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. அரசியல் சட்டப்படி சூதாட்டம் மாநில சர்க்கார் விஷயம். மாநகராட்சிக்கு அதில் நேர் உரிமை கிடையாது. கோவாவில் காஸினோ லைசென்ஸ் பணம் மாநில சர்க்காருக்குப் போகிறது. கூட்ட நெரிசலும் ஆற்றங்கரைக் குப்பையும் பணஜி நகரத்துக்கு வந்து சேருகின்றன. நாளை மதுரையில் திறந்தாலும் கதை அதுதான்: வருமானம் கோட்டைக்கு, வில்லங்கம் வைகைக் கரைக்கு.

சூதை அனுமதித்த சர்க்கார்கள் தங்கள் சொந்த ஜனங்களை என்ன செய்கின்றன என்பதையும் பாருங்கள். கோவா சர்க்கார் 2020 முதல் கோவாக்காரர்களைக் காஸினோவுக்குள் விடுவதில்லை. சிங்கப்பூர் 2010-ல் திறந்தபோது தன் பிரஜைகளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் வைத்தது. 2019-ல் அதை 150 ஆக்கியது. வெளிநாட்டாருக்குக் கட்டணம் இல்லை. அங்கே கட்டட வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளும் வெளிநாட்டார்தான்! உள்ளூர்க்காரனுக்கு விஷம் என்று தெரிந்துதானே கதவில் கட்டணம் வைக்கிறார்கள்? அடுத்த வீட்டுக்காரன் பிள்ளைக்கு அதுவே அமுதமாகிவிடுமா?

கேரளம் பற்றி

"உங்கள் கேரளத்தில் என்ன நடக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். மறைக்க நமக்கு எதுவுமில்லை. 1967-ல் ஈ.எம்.எஸ். தலைமையில் இருந்த அமைச்சரவையில் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு தொடங்கியதுதான் கேரள லாட்டரி. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல். பல ஆட்சிகள் மாறியும் அது நடந்து வந்திருக்கிறது. ஊனமுற்றோர், முதியோர் உட்படப் பலர் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். கிடைக்கும் பணத்தில் ஏழைகளின் வைத்தியத்துக்கும் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தனியார் கையில் விடாமல் சர்க்காரே நடத்துவது, தனியார் கொள்ளையைவிட மேல் என்பதும் உண்மை.

ஆனாலும் நாம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழையின் வைத்தியச் செலவுக்கு ஏழையின் ஆசையிலேயே வரி போடுவது நல்ல வழியாகாது. அதை மனமறிந்து நடத்துகிற சர்க்காரும் நிர்ப்பந்தத்தில் நடத்துகிறது. வரி போடும் அதிகாரத்தில் பெரும்பகுதி டில்லியிடம் குவிந்திருக்கும்போது, மாநிலங்கள் சாராயத்தையும் சீட்டையும் பிடித்துத் தொங்குகின்றன. நம்முடையவர்கள் செய்தார்கள் என்பதால் தப்பு சரியாகிவிடாது. நிர்ப்பந்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டையே பாருங்கள். 2003 ஜனவரியில் லாட்டரிக் கதவை மூடினார்கள். அதே 2003 நவம்பரில் சாராயச் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் மூலம் சர்க்காரே எடுத்துக்கொண்டது. இன்று அதிலிருந்து வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்குப் போகிறது. ஒரு பாக்கெட்டைத் தைத்துவிட்டு மறு பாக்கெட்டைக் கிழித்தார்கள். இரண்டும் நம் சட்டைதான்! 40,000 கோடி வந்தும் பற்றாக்குறை தீரவில்லை என்றால், காஸினோ வந்து தீர்த்துவிடுமா?

தடை மட்டும் போதுமா?

"தடை போட்டால் கள்ளத்தனமாக நடக்குமே" என்ற கேள்வி நியாயமானது. நடக்கத்தான் செய்கிறது. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து மூணு நம்பர் லாட்டரி இன்றும் தமிழ்நாட்டு ஊர்களில் திருட்டுத்தனமாக ஓடுகிறது. அடிக்கடி போலீஸ் பிடிக்கிறது. பிடிபடுகிறவன் பெரும்பாலும் சீட்டெழுதும் கூலியாள். பின்னால் இருக்கும் பெரிய கை வெளியே தெரிவதில்லை. 2003-ல் தடை வந்தபோது சீட்டு விற்றுப் பிழைத்தவர்களும், சிவகாசியில் சீட்டு அச்சடித்த தொழிலாளிகளும் பிழைப்பை இழந்தார்கள். ஆகவே தடை போடுகிற சர்க்கார் அவர்களுக்கு வேலைக்கும் வழி சொல்ல வேண்டும்.

பிறகு சூது செல்போனுக்குள் வந்தது. மில் ஷிப்டில் டீ இடைவேளையில் ரம்மி. வயல் வரப்பில் உட்கார்ந்து ரம்மி. இங்கே தோற்றவனுக்கு வாசலில் வட்டிக்காரர் நிற்க வேண்டியதில்லை. கடனும் அதே போனில் கிடைக்கிறது. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. 2021-ல் சட்டசபை போட்ட தடைச் சட்டத்தை ஐகோர்ட்டு ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் புதுச் சட்டம் நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரிலேயே ஐகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி, அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2023 அக்டோபர் முதல் ஆன்லைன் ஆட்டத்தில் போடும் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டது. வரி வந்தால் போதும் என்றிருந்தது. இரண்டு வருஷம் ஆகுமுன், 2025 ஆகஸ்டில், காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்து அதே சர்க்கார் சட்டம் நிறைவேற்றியது. வரி போட்டு வளர்க்கலாம் என்று நினைத்தவர்களே கடைசியில் தடைக்கு வந்தார்கள். 1957-லேயே சுப்ரீம் கோர்ட்டு, சூதாட்டம் வியாபாரமே ஆகாது என்று சொல்லியிருந்தது. அதை ஏற்க டில்லிக்கு இத்தனை காலம் பிடித்தது!

அப்படியானால் பணம் எங்கே?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

2025-ல் மதுரை மாநகராட்சியில் என்ன வெளிவந்தது? வணிகக் கட்டிடங்கள் உட்படப் பல கட்டிடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாகப் புகார். கோடிக் கணக்கில் இழப்பு என்று பேச்சு. போலீஸ் வழக்கு, கைதுகள். மண்டலத் தலைவர்கள் ராஜினாமா. அக்டோபரில் மேயரும் ராஜினாமா. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் பாக்கி என்றால் குழாயைத் துண்டிக்க வருகிறார்கள். பெரிய கட்டிடத்தின் அளவு காகிதத்தில் சுருங்கினால் கண்டுபிடிக்க வருஷக் கணக்காகிறது.

கஜானாவின் ஓட்டை இங்கே இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் சூதாட்டத் தண்ணீரை ஊற்றினால் அதுவும் இதே ஓட்டை வழியாகத்தான் போகும். அளவு நாடாவைப் பிடித்து ஒரு கட்டிடத்தைச் சரியாக அளக்க முடியாத நிர்வாகம், ஒரு ராத்திரியில் கோடி புரளும் சூதாட்ட மேஜைக் கணக்கைச் சரியாகப் பார்க்குமா?

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று: நூறு வார்டிலும் வணிகக் கட்டிடங்களையும் பெரிய மண்டபங்களையும் மறுபடி அளக்க வேண்டும். அளந்த கணக்கை வார்டு வாரியாகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கட்டும்.

இரண்டு: மாநில சர்க்கார் தன் சொந்த வரியில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று வைத்திருக்கிறது. அந்தப் பங்கு உயர வேண்டும்; நகரத்துக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் தேதி தவறாமல் வர வேண்டும்.

மூன்று: பணமில்லை என்று சொல்லித் துப்புரவுத் தொழிலாளியைக் காண்ட்ராக்டில் தள்ளும் மாநகராட்சி, முதலில் பெரிய பாக்கிதாரர் பட்டியலை வெளியிட வேண்டும்.

நான்கு: மூணு நம்பர் லாட்டரியிலும் கந்துவட்டியிலும் பிடிக்க வேண்டியது பின்னால் இருக்கும் பெரிய கையை. சீட்டெழுதும் கூலிக்காரனை மட்டும் பிடித்துக் கணக்கு முடிக்கக் கூடாது.

தோழர்களே! நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. செல்போனில் தோற்றவன் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கி, ஒருநாள் கயிற்றைத் தேடுகிறான். நம் பக்கத்து லூமில் நிற்பவன், நம் நடவு வரிசையில் குனிபவள் வீட்டுக்காரர், யாராயிருந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். "எவ்வளவு கடன்?" என்று கேளுங்கள். திட்டாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஒருவன் தனியாக அடைக்க முடியாத கடனுக்கு நாலு பேர் சேர்ந்தால் ஒரு வழி பிறக்கும்.

உழைப்பு பொருளைப் படைக்கிறது. சூது ஒரு பிடி நெல்லைக்கூட விளைவிப்பதில்லை. ஒரு முழம் நூலைக்கூட நூற்பதில்லை. என் பையிலிருப்பதை உன் பைக்கு மாற்றி, வழியில் மேஜைக்காரனுக்கு ஒரு பங்கு எடுத்துக் கொடுக்கிறது. அதிலே ஒரு நகரத்தைக் கட்ட முடியாது. மதுரையைக் கட்டியது உழைத்த கை. அதன் சாக்கடையையும் ரோட்டையும் குழாயையும் சரிசெய்ய, இங்கே சம்பாதித்து வளர்ந்தவர்கள் தங்கள் நியாயமான வரியைக் கட்டட்டும்.

அந்தக் கணக்கை மாநகராட்சி வாசலில் கேட்போம், வாருங்கள்!